பட்டறை என்றால் அவ்வளவு இளக்காரமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் எல்லாம் வழக்கம்போல் வந்து போயின. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு வீட்டின் பின்கட்டில் நிற்கிற இரும்புத் தூண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் "ரயில்வே பட்டறை மாதிரி அழகில்லாமல்" என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டேன்.

நான் கோட்டையூர்க்காரன். 1972ல் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, தலை நரைத்து வெளியே வந்தவன். என் அப்பா கொத்தனார். சின்னப் பையனாக இந்தப் பக்கத்து வீடுகளில் முட்டை உடைத்துக் கொடுத்தும் கடுக்காய்த் தண்ணீர் சுமந்தும் தொழில் கற்றவர். அவர் கரண்டி பிடிக்கிற வயதுக்கு வந்தபோது புது வீடு கட்டுகிற காலம் முடிந்துவிட்டது. அதனால் ஆயுசு முழுக்க மராமத்துதான். விரிசல் அடைப்பார், ஓடு மாற்றுவார், ஒழுகுகிற இடம் தேடுவார். அப்பா வீட்டுக்கு மராமத்து, மகன் எஞ்சினுக்கு மராமத்து. எங்கள் குடும்பத்தில் யாரும் புதிதாக எதையும் கட்டியதில்லை என்று என் மனைவி கேலி செய்வார்.

1975 ஆயுத பூஜைக்கு அப்பாவைப் பொன்மலைக்கு அழைத்துப் போனேன். அன்று ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று கட்டி, லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களெல்லாம் எஞ்சினைப் பார்த்தார்கள். அப்பா எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தூணிடம் போனார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். கடைசித் தூண் வரை முதல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுடா" என்றார். பாதி உயரத்தில் தூண் அகலம் குறைகிறதே, அந்தத் திட்டு எதற்கு என்று கேட்டார். அந்தத் திட்டின் மேல் ஒரு கர்டர் ஓடுகிறது, அதன் மேல் தண்டவாளம், அதன் மேல் கிரேன் போகும், அதற்கு மேலே போகிற மெலிந்த பகுதி கூரையை மட்டும் தாங்கும் என்று விளக்கினேன். கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் வண்டி இல்லாமலே ஐம்பது டன்னுக்கு மேல் இருக்கிற மீட்டர்கேஜ் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகர்ந்தால், அந்தச் சுமை முழுவதும் அந்தத் திட்டில்தான் இறங்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூரைக்கு ஒரு கணக்கு, சுமைக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் ஒரே தூண்ல வாங்கிருக்கான்" என்றவர், "அடியில எவ்வளவு ஆழம் தோண்டிருப்பான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக ஒரு இடத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அதன் அஸ்திவார ஆழம் தெரியாதா என்று கோட்டையூர் வந்து சேரும்வரை ரயிலிலேயே திட்டினார்.

உங்கள் கட்டுரையாளர் அழகில்லை என்று சொன்ன மாதிரித் தூண்தான் அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிறையப் பேர் லோகோ ஷெட்டையும் ஒர்க்‌ஷாப்பையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஷெட்டில் எஞ்சின் ராத்திரி தங்கும், தண்ணீர் கரி ஏற்றும், சாம்பல் தட்டும், சில்லறை ரிப்பேர் நடக்கும். வட்டமாக நடுவில் திருப்புமேஜை வைத்துக் கட்டுகிற கொட்டகை அந்த ஷெட் வகை. ஒர்க்‌ஷாப் வேறு. இத்தனை மாதம் அல்லது இத்தனை மைல் ஓடியாயிற்று என்று கணக்குப் பார்த்து எஞ்சினை அங்கே அனுப்புவார்கள். முழுக்கப் பிரித்து, முழுக்கப் பூட்டி, புதுப் பெயிண்டோடு திருப்பி அனுப்புவோம். பாய்லரை ஒரு பக்கம் கொண்டுபோவார்கள், சக்கரங்களை ஒரு பக்கம். சின்னச் சாமான்கள் கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளிக்கும். எல்லாம் திரும்பிவந்து ஒரே இடத்தில் சேர வேண்டும். அந்தச் சேரும் இடத்துக்கு எரெக்டிங் ஷாப் என்று பெயர். என் வாழ்க்கை அங்கேதான் போயிற்று.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை வைத்துத்தான் கட்டடங்கள் எழும்பும். வார்ப்பட ஷாப்பும் கொல்லுலையும் புகையும் நெருப்பும் கக்குகிற இடம் என்பதால் தள்ளி இருக்கும். மரத்தில் அச்சு செய்கிற பேட்டர்ன் ஷாப் அந்த நெருப்புக்கு எட்டாமல் இருக்க வேண்டும், ஆனால் அச்சைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றவும் கூடாது. எரெக்டிங் ஷாப்பிலேயே இரண்டு ஜாதி உண்டு. எஞ்சின்களைக் குறுக்கே வரிசையாக நிறுத்துவது ஒன்று. அதற்கு வெளியே டிராவர்ஸர் வேண்டும், அதாவது எஞ்சினைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நகர்கிற மேடை. நீளவாக்கில் நிறுத்துவது இன்னொன்று. அதில் டிராவர்ஸர் வேண்டாம், ஆனால் ஒரு எஞ்சினைத் தூக்கி மற்ற எஞ்சின்களின் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அதனால் கூரை இன்னும் உயர வேண்டும், தூண் இன்னும் தடிக்க வேண்டும். எஞ்சினை எப்படி நிறுத்தப்போகிறோம் என்று தீர்மானித்த உடனே கட்டடத்தின் உயரமும் தீர்மானமாகிவிடுகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று செட்டியார் வீடு ஒரு ஒழுங்கில் போவதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பட்டறையின் ஒழுங்கைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் உண்டா?

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்த விஷயம். அப்ரண்டிஸ் பள்ளியில் டிராயிங் வாத்தியார் ஒரு அட்டையை வாள் பல் மாதிரி மடித்து மேஜையில் வைத்தார். உலகத்தில் பட்டறை கட்டினவர்களில் பாதிப் பேர் இந்தக் கூரையைத்தான் போட்டார்கள் என்றார். ஒரு பக்கச் சரிவில் தகடு, எதிர்ப்பக்கம் கண்ணாடி. கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்க வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்து போகிற இங்கிலாந்து மாதிரி ஊர்களில் வடக்கு வெளிச்சத்தில் கண்கூச்சம் இராது, நிழல் ஆடாது, காலையிலும் மாலையிலும் ஒரே சீராக இருக்கும். லேத்தில் உட்கார்ந்து மைக்ரோமீட்டர் பார்க்கிறவனுக்கு அதுதான் வேண்டும். சரி என்று எல்லோரும் எழுதிக்கொண்டோம். வாத்தியார் நிறுத்தவில்லை. "திருச்சி எத்தனை டிகிரியில் இருக்கிறது?" என்றார். ஒருவனுக்கும் தெரியாது. பத்தும் சொச்சமும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் விழுகிறது. இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே கட்டினால், சரியாகக் கத்திரி வெயிலில் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே இறங்கும். "அப்போ என்ன சார் செய்யறது?" என்று கேட்டோம். "கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடி" என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கடைசியில எங்கிட்டதானே வரணும்" என்றார். பிறகு அவரே, வளவில் முற்றம் வெட்டி நாலு பக்கமும் தாழ்வாரம் விட்டிருப்பது எதற்கு, வெளிச்சம் வேண்டும் வெயில் வேண்டாம் என்பதற்குத்தானே என்றார். நேரடி வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், பட்டகசாலை என்கிற கூடத்துக்குள் வருவது பட்டுத் திரும்பிய வெளிச்சம். வீடு கட்டினவனுக்கும் பட்டறை கட்டினவனுக்கும் ஒரே தலைவலிதான் என்று அவருக்கு ஒரு திருப்தி.

இன்னொரு காட்சி. இது வீல் ஷாப்பில் பார்த்தது. ஸ்டீம் எஞ்சின் சக்கரம் ஒரே துண்டு இல்லை. நடுச்சக்கரம் வேறு, அதன் மேல் மாட்டுகிற டயர் வேறு. டயர் என்றால் ரப்பர் இல்லை, எஃகு வளையம். மீட்டர்கேஜில் பாசஞ்சர் ரயில் இழுத்த ஒய்.பி. எஞ்சினுக்குப் பெரிய சக்கரம் நாலரை அடி விட்டம். டயரின் உள்விட்டத்தைச் சக்கரத்தை விடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துக் கடைவார்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. தரையில் டயரைப் படுக்கவைத்துச் சுற்றிலும் காஸ் தீ வைப்பார்கள். சிவக்கக் காய்ச்சுவதில்லை, விரிகிற அளவுக்குத்தான் சூடு. மேலே கிரேனில் சக்கரம் தொங்கும். மூத்த ஆள் ஒருவர் கேஜ் வைத்து உள்விட்டம் பார்த்துக்கொண்டே இருப்பார். தலையசைத்ததும் சக்கரம் இறங்கும். சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். ஆறும்போது டயர் சுருங்கி ஒரு பிடி பிடிக்கும் பாருங்கள், அப்புறம் பிரிக்க மறுபடி தீ வைக்க வேண்டும். எங்கள் ஊர் ஆசாரி மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டும்போது வரட்டி அடுக்கி இரும்பைக் காய்ச்சி, மாட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாரே, அதே வித்தைதான். இங்கே தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிடுவோம். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. சொத்தென்று விழுந்தால் பிடிப்பில்லை. சந்தையில் பானை வாங்குகிற பாட்டிக்குத் தெரிந்த பரீட்சை அது.

இதையெல்லாம் சொல்லும்போது வெறும் தூண், கூரை, வித்தை என்று பேசிவிட்டுப் போக மனசு வரவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் பழைய பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928ல் அதைப் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். புதுப் பட்டறைக்கு இத்தனை ஆள் போதும் என்று ஆட்குறைப்பு வந்தது. அந்த வருஷம் ஜூலையில் ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். சிங்காரவேலர் அதற்காகச் சிறை போனார். 1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு செப்டம்பர் 5க்கும் பொன்மலையில் கூடி அஞ்சலி செய்கிறார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த ஃபிட்டரின் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அவர் வீட்டில் கோபம் வந்தால் இன்னமும் "கடற்கரை ஊரை விட்டு இந்தப் பாறைக்கு வந்தோம்" என்று ஆரம்பிப்பார்களாம்.

பொன்மலை வந்த இரண்டே வருஷத்தில், 1930ல், காரைக்குடிக்கும் ரயில் வந்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் வழியாகக் காரைக்குடி, பிறகு தேவகோட்டை ரோடு, கல்லல் என்று மானாமதுரை வரை மீட்டர்கேஜ். அந்தப் பாதையில் ஓடின எஞ்சின்கள் காயம்பட்டால் போகிற இடம் பொன்மலைதான். ஆகவே ரயில்வே பட்டறை செட்டிநாட்டுக்கு ஏதோ அந்நிய விஷயம் இல்லை. இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் எத்தனையோ கட்டுகளில் சீமை இரும்புத் தூண் நிற்கிறது. பழைய தண்டவாளத் துண்டை உத்திரமாகப் போட்ட வீடுகளில் அப்பாவுக்குக் கையாளாக நானே வேலை பார்த்திருக்கிறேன்.

ஊட்டி மலை ரயிலை 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் தற்காலிகப் பட்டியலுக்குப் போயிருக்கின்றன. ரொம்பச் சந்தோஷம். ஊட்டி ரயிலில் ஏறி ஜன்னலோரம் போட்டோ எடுக்கிறவர்களுக்கு, அந்தப் பல்சக்கர எஞ்சின்களை மராமத்துப் பார்ப்பதும் பொன்மலைதான் என்று தெரியுமா? பழைய எஞ்சின்களின் ஊர் சுவிட்சர்லாந்து. அவை தேய்ந்துபோன பிறகு புதிதாக எண்ணெயில் ஓடுகிற ஸ்டீம் எஞ்சினும், அப்புறம் 2021ல் நிலக்கரியில் ஓடுகிறதும் பொன்மலையில்தான் செய்தார்கள். ஸ்டீம் எஞ்சின் செய்கிறதை உலகமே கைவிட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகு! எஞ்சின் பாரம்பரியம், அதைச் செய்த கொட்டகை மட்டும் "அழகில்லாமல்".

என் மகள் சிட்னியில் இருக்கிறாள். போன தடவை போனபோது ஈவ்லி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். 1880களில் கட்டிய ரயில்வே பட்டறை. ரயில் வேலை நின்று போய் ரொம்ப நாளாயிற்று. பெட்டி கட்டின பகுதியில் இப்போது நாடகமும் நாட்டியமும் நடக்கின்றன. சனிக்கிழமை காலையில் விவசாயிகள் சந்தை. பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஞாபகம் வந்து நான் பாகற்காய் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. எஞ்சின் பகுதியில் பழைய மெஷின்களை இருந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த ஊர் பூமியின் தென்பாதி, அதனால் அங்கே வாள்பல் கூரை போட்டால் கண்ணாடியைத் தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மகளிடம் சொன்னேன். "அப்பா, டிக்கெட் வாங்கினது உள்ளே நடக்கிறதைப் பார்க்க" என்றாள். இங்கிலாந்தில் ஸ்விண்டன் பட்டறை 1843ல் தொடங்கி 1986ல் மூடியது. அதிலும் ஒரு பாகம் மியூசியம், ஒரு பாகம் கடைத்தெரு. கடைத்தெரு ஆக்கினது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்கு அரை மனசுதான். ஆனால் தூண் நிற்கிறது.

நம் பொன்மலை மூடவில்லை, நன்றாக வேலை நடக்கிறது. 1856ல் தொடங்கிய பெரம்பூரிலும் நடக்கிறது. அதனால் மியூசியமாக்கு என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற பட்டறையில் தேவைக்கு ஏற்பச் சுவரை இடிப்பார்கள், கூரை மாற்றுவார்கள், அது நியாயம். அப்பாவும் வீடுகளில் அப்படித்தான் செய்தார். ஆனால் இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். பழைய அளவை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு ஆபீஸில் பழைய வரைபடங்களைக் கழித்துக் கட்டினார்கள். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து டிரேசிங் எல்லாம் துணியில் இருக்கும். கஞ்சி மாதிரி ஒன்றைப் பூசிக் கண்ணாடிபோல் ஆக்கிய மெல்லிய துணி. வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்தால் பூச்சு போய்ப் பஞ்சுபோல் ஆகிவிடும். கைக்குட்டைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆளுக்கொரு சுருள் எடுத்துக்கொண்டோம். நான் எடுத்தது ஒரு ஷாப்பின் குறுக்குவெட்டுப் படம். விரித்துப் பார்த்தேன். தூண், திட்டு, கிரேன் கர்டர், எல்லாவற்றுக்கும் கீழே அஸ்திவாரம், ஓரத்தில் அடிக் கணக்கு. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மனைவி துவைத்தார், மகளுக்கு ஒரு கவுன் தைத்தார். மை முழுசாகப் போகவில்லை. முதுகுப் பக்கம் தூணின் கோடு ஒன்று சாம்பல் நிறத்தில் கழுத்திலிருந்து விளிம்பு வரை இறங்கியது. எண்கள் போய்விட்டன. அப்பா அந்தக் கவுனைப் பார்த்து, "இது என்னடா கோடு?" என்று கேட்டார். அழுக்கு என்று சொல்லிவிட்டேன்.

திருச்சியில் ரயில் மியூசியம் இருக்கிறது, நல்ல இடம், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சாமான்கள் அங்கே பத்திரமாக இருக்கும். கட்டடத்தையும் வேலையையும் சாமானாக எடுத்து வைக்க முடியாது. அதற்கு யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். காரைக்குடி, புதுக்கோட்டை, மானாமதுரை வரையில் எங்கள் செட்டு ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்குக் காது கேட்காது. பாய்லர் ஷாப் ரிவெட் சத்தம் வாங்கிக்கொண்டு போனது அது. ஆனால் வாய் நன்றாகப் பேசும். உங்கள் கட்டுரையாளருக்கு எழுத்து நன்றாக வருகிறது, படம் எடுப்பவருக்கும் கண் இருக்கிறது. இரண்டு பேரையும் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் பொன்மலைக்கு அனுப்புங்கள். ஆயுத பூஜை அன்று போனால் இன்னும் நல்லது. தூணைக் கீழிருந்து மேல்வரை ஒரு படம், வரிசையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம்.

போகிற வழியில் கோட்டையூரில் இறங்கச் சொல்லுங்கள். அப்பாவின் நோட்டையும் அந்தக் கவுனையும் காட்டுகிறேன். நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கவுனை வெளியே கொண்டுபோக மட்டும் வீட்டில் விட மாட்டார்கள். பெயரைப் போட வேண்டாம், பழைய ஆபீஸ் நண்பர்கள் யார் யார் சுருள் எடுத்தார்கள் என்று கணக்குக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.